பனிமலையில் தனியாக இரவு தங்கப் போகிறவருக்கு: முதலில் விரல்களைக் காப்பாற்றுங்கள்

பாஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று கோடைகளாக நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஒயிட் மவுண்டன்ஸில் ஏறிப் பழகிவிட்டாராம். இந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் லீவு சேர்ந்து வருகிறது, அங்கே பிரான்கோனியா ரிட்ஜ் என்கிற மலைமுகட்டுப் பக்கம் தனியாகப் போய்ப் பனியில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்க ஆசை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் கையில் இருக்கிறது, அது போதுமா, இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்பது கேள்வி.

போகலாம் தம்பி. தனியாகவும் போகலாம். பதினோரு குளிர்காலமாக நான் அதே மலைகளில்தான் சுற்றுகிறேன், பாதிக்கு மேல் தனியாக. அதனால் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லித் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த ரிட்ஜுக்கு இந்த முறை போகாதீர்கள், இரண்டு இரவும் வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன். வாங்கும் பட்டியலுக்கு முன்னால் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்: பனியில் தனியாக இருக்கும்போது உங்கள் பத்து விரல்கள் வேலை செய்கிற வரைக்கும்தான் உங்களிடம் இருக்கும் எந்தப் பொருளுக்கும் மதிப்பு.

இது எனக்குப் புரிந்தது மூன்றாவது குளிர்காலத்தில். அதே ஒயிட் மவுண்டன்ஸில் ஸீலண்ட் என்கிற இடத்துக்குப் போயிருந்தேன். கார் நிறுத்திய இடத்தில் மைனஸ் 15 இருந்ததால் தடித்த ஜாக்கெட்டைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே நடந்தேன், முதுகில் இருபது கிலோ. ஒரு மணி நேரத்தில் உள்ளே பனியன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த கம்பளி முழுக்க வியர்வை. நடக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கு மணிக்கு நின்று, பனியை மிதித்துக் கூடாரத்துக்கு இடம் பண்ண ஆரம்பித்த பத்தாவது நிமிடம் அந்த ஈரம் குளிர்ந்து முதுகுத்தண்டில் இறங்கியது. கூடாரக் கம்பியைத் துணிக்குள் கோக்கக் கையுறை இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றினேன். கோத்து முடித்தபோது விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. பையின் நெஞ்சுப்பட்டை பக்கிளை அமுக்கப் பார்க்கிறேன், விரல் மடங்குகிறது, ஆனால் அழுத்தம் இல்லை. லைட்டரை எடுத்தேன், அந்தச் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சுழற்ற முடியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். அடுப்பு இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, அது பக்கிளுக்குப் பின்னால் பைக்குள் இருக்கிறது. ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு விநாடி வேலை.

கால்சட்டைப் பையில் கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்று இருந்தது, பல்லால் கிழித்தேன். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, வந்த தடத்திலேயே இருபது நிமிடம் வேகமாக மேலும் கீழும் நடந்தேன். விரலில் ரத்தம் திரும்பும்போது வருகிற வலி சொல்லி மாளாது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் பக்கிள் திறந்தது. அன்று இரவு வெப்பநிலை மைனஸ் 23.

நடந்தது என்ன என்று பாருங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்தால் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக. ஆக, விரல் செத்துப்போனதற்குக் காரணம் கையுறையைக் கழற்றியது மட்டும் இல்லை, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஜாக்கெட்டைக் கழற்றாததும்தான். குளிரைவிட ஈரம்தான் இங்கே ஆபத்து. காய்ந்த உடம்போடு மைனஸ் 25-ஐ நிம்மதியாகத் தாங்கலாம், நனைந்த உடம்போடு மைனஸ் 2-கூடத் தாங்காது.

அதனால் முதல் பழக்கம்: கிளம்பும்போது குளிர வேண்டும். காரிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடுங்குகிற அளவு மெல்லிய உடுப்போடு நடக்க ஆரம்பியுங்கள். ஒரு மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, அவ்வளவுதான். ஏற்றத்தில் நெற்றி வியர்க்கிறதா, தொப்பியை எடுங்கள், ஜிப்பைத் திறங்கள், அப்போதும் வியர்த்தால் வேகத்தைக் குறையுங்கள். தனியாகப் போவதில் இருக்கிற பெரிய வசதியே அதுதான், யாருடைய வேகத்துக்கும் ஓட வேண்டியதில்லை. நின்றவுடன், ஒரு நிமிடம் தாமதிக்காமல், தடித்த இறகு ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். அது பையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும், அடியில் இல்லை. அப்புறம் பருத்தி. நம் ஊர்ப் பழக்கத்தில் உள்ளே பருத்தி பனியன், ஜட்டி, கீழே ஜீன்ஸ் என்று வந்துவிடுகிறார்கள். ஒரு இழைகூடப் பருத்தி வேண்டாம், உள்ளாடை உட்பட. நனைந்த பருத்தி காயவே காயாது, இருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

கையுறை நான்கு ஜோடி எடுத்துப்போகிறேன், இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. தோலோடு ஒட்டிய மெல்லியது ஒன்று, இதைக் கழற்றவே மாட்டேன், எல்லா நுண்வேலையும் இதோடுதான். நடக்கும்போது போடும் நடுத்தரம் ஒன்று. விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் தடித்த மிட்டன் ஒன்று. அதே மாதிரி இன்னொரு மிட்டன் பையில், பிளாஸ்டிக் உறைக்குள். மிட்டன்களில் மணிக்கட்டோடு கட்டும் கயிறு இருக்க வேண்டும், காற்று ஒரு மிட்டனைத் தூக்கிக்கொண்டு போனால் அது திரும்ப வராது. ஜிப் ஒவ்வொன்றிலும் சின்னக் கயிற்று வளையம் கட்டி வையுங்கள், மிட்டன் போட்ட கையாலேயே இழுக்கலாம். லைட்டருக்குச் சமையலறையில் வைத்திருக்கும் நீளமான துப்பாக்கி மாதிரி லைட்டர், முழு விரலால் இழுத்தால் போதும். ஆனால் அதில் இருக்கும் பியூட்டேன் வாயு பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாது, அதனால் அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். கூடவே தீப்பெட்டியும். பிறகு வீட்டு வாசலிலோ பால்கனியிலோ மிட்டன் போட்டுக்கொண்டு கூடாரத்தை அடித்து, அடுப்பைப் பற்றவைத்துப் பழகுங்கள். இரவில், விளக்கில்லாமல், இரண்டு மூன்று தடவை. எந்தக் கடைப்பொருளையும்விட இது அதிகம் உதவும்.

உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் பேச்சு குழறும், கால் தடுமாறும், கைப்பொருள் நழுவும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூட்டமாகப் போனால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடுவார். தனியாக இருப்பவருக்குத் தன் மூளை மந்தமாவதைத் தன் மூளையாலேயே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, சிக்கல் அங்கேதான். நான் கைக்கடிகாரத்தில் மணிக்கொரு தடவை அலாரம் வைத்திருக்கிறேன். அடித்தவுடன் கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துப் பார்ப்பேன், இரண்டு கையிலும். சேரவில்லை என்றால் விவாதமே இல்லை, ஜாக்கெட், சாப்பாடு, நடை. பிறகு வாய்விட்டுப் பேசுவேன், எங்கே இருக்கிறேன், மணி என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று. அலாரம் அடிக்கும்போது எரிச்சலாக வந்தால் அதையே ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

சரி, இடத்துக்கு வருவோம். பிரான்கோனியா ரிட்ஜ் கோடையில் எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியும். லிட்டில் ஹேஸ்டாக் சிகரத்திலிருந்து லிங்கன் சிகரம் வழியாக லஃபாயெட் சிகரம் வரைக்கும் கிட்டத்தட்ட 1.7 மைல், ஒரு மரம் கிடையாது, முழுக்கத் திறந்த முதுகு. லஃபாயெட்டின் உயரம் 1,600 மீட்டர்தான், நம் கொடைக்கானல் நகரம்கூட அதைவிட உயரம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இங்கே மரங்கள் 1,350 மீட்டர் வாக்கிலேயே நின்றுவிடும், அதற்கு மேலே காற்றின் ராஜ்ஜியம். புயல் பாதைகள் பல இந்தப் பகுதியில் வந்து கூடுகின்றன, மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெரிய தடுப்பு இந்த மலைகள். பக்கத்தில் இருக்கும் மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர். 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் காற்றை அளந்தார்கள், 1996-ல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவு அதை முறியடிக்கும் வரை அறுபது வருடத்துக்கு மேல் அதுதான் உலக சாதனை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அதே உச்சியில் வெப்பநிலை மைனஸ் 44, காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர் மைனஸ் 78 வரை போனது. 1849-லிருந்து அந்த மலைத்தொடரில் 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

இவ்வளவு மோசமான நாளில் நீங்கள் போகப் போவதில்லை, தெரியும். சாதாரண நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18, மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று. அந்த ரிட்ஜில் இது அமைதியான நாள். உடம்புக்கு மைனஸ் 28 மாதிரி இருக்கும், அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைப்படி மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கும். அதில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, உங்கள் தடத்தைக் காற்று மூடியிருக்கும், கண்ணாடி உறைந்திருக்கும். கூட ஒருவர் இருந்தால் அவரை வழிகாட்ட வைத்திருக்கும் கல்குவியல் ஒன்றில் நிறுத்திவிட்டு அடுத்த குவியலைத் தேடலாம். தனியாக அது முடியாது.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் மவுண்ட் வாஷிங்டன் சரிவில் இருக்கும் ஹெர்மிட் லேக். அடிவாரத்துப் பிங்கம் நாட்சிலிருந்து டக்கர்மேன் ரவீன் பாதையில் 2.4 மைல், ஏற்றம் 560 மீட்டர் சுமார். அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடத்தும் தங்குமிடம், மூன்று பக்கம் மூடிய மரக்கொட்டகைகளும் கூடாரத் தளங்களும் இருக்கின்றன, பணம் கட்டித் தங்கலாம், குளிர்காலத்திலும் பராமரிப்பாளர் இருப்பார். பாதை வழக்கமாக மிதிபட்டு இறுகியிருக்கும், வழி தவறுவது கடினம், நிலைமை கெட்டுப்போனால் இருட்டிலும் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். உங்கள் அடுப்பு, உங்கள் கூடாரம், உங்கள் இரவு, எல்லாம் தனியாகத்தான், ஆனால் கூப்பிடு தூரத்தில் மனிதர்கள். அங்கிருந்து மேலே மட்டும் போகாதீர்கள். பாதைக்கு மேலே டக்கர்மேன், ஹன்டிங்டன் பள்ளங்களின் சரிவுகள் எல்லாம் பனிச்சரிவு விழும் இடம், தினமும் காலையில் மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையம் அறிவிப்பு போடுகிறது. பழகுவதற்காகவாவது அதைப் படியுங்கள்.

அடுத்த முறை காட்டுக்குள் உங்கள் இஷ்டப்படி இடம் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள் பனியில் புதைந்திருக்கும் இடத்தில், கிளைகளுக்குக் கீழே பனி நிரம்பாமல் பொந்தாக இருக்கும். மேலே பார்த்தால் சமமான வெள்ளைத் தரை. கால் வைத்தால் இடுப்பு வரை, சில சமயம் மார்பு வரை உள்ளே போய்விடும், ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலத் தட்டு) அடியில் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். நான் ஒரு தடவை மாட்டி, பையைக் கழற்றி முன்னால் எறிந்து அதைப் பிடித்துப் படுத்தபடியே ஊர்ந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது, உள்ளாடை வரை பனி. பாதையை விட்டு விலகி நடப்பதைத் தனியாக இருக்கும்போது நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது அதனால்தான்.

நமக்குப் பனி என்றால் ஒரே சொல். மார்கழியில் புல்லில் இருப்பதும் பனி, ஊட்டியில் தை மாதம் காலையில் வெள்ளையாக உறைந்து கிடப்பதும் பனி, இங்கே ஆளுயரத்துக்குக் கிடப்பதும் பனி. காலுக்கு அது ஒன்று இல்லை. நேற்று விழுந்த தூள் பனிக்கு ஸ்னோஷூ வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்து ஒரு மைலுக்குள் களைத்துவிடுவீர்கள், வியர்வையும் கொட்டும். மிதிபட்டு இறுகிய பாதைக்குப் பூட்ஸின் மேல் மாட்டும் சின்ன முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக் போதும். உருகி உறைந்த சரிவுக்கு கிராம்பான் என்கிற நீள முள் சட்டமும் ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரியும் வேண்டும், ஐஸ் ஆக்ஸை வாங்கினால் மட்டும் போதாது, சறுக்கும்போது அதை ஊன்றி நிறுத்த ஒருவரிடம் கற்றிருக்க வேண்டும். ஹெர்மிட் லேக் வரைக்கும் முதல் இரண்டும் போதுமானவை.

இனி இரவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பகலில் வரும் தப்பைக் காருக்குத் திரும்பிச் சரிசெய்யலாம், இரவில் பதினான்கு மணி நேரம் அதனோடே படுக்க வேண்டும். பிப்ரவரியில் ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் மறையும், டிசம்பரில் என்றால் நான்கேகாலுக்கே. மூன்று மணிக்கு இடத்தில் இருங்கள். முதலில் தலைக்கு மேலே பாருங்கள், பட்ட கிளை தொங்குகிறதா என்று. வேறொரு பயணத்தில் பனிமேல் கூடாரம் அடிக்க நேர்ந்தால், ஸ்னோஷூவோடு அந்த இடத்தை நன்றாக மிதித்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மிதித்த பனி தானாக இறுகிச் சிமெண்ட் மாதிரி ஆகும். பொறுமையில்லாமல் உடனே கூடாரம் அடித்தால் இரவில் உங்கள் இடுப்பும் தோளும் குழி தோண்டிவிடும், காலையில் அந்தக் குழி உறைந்திருக்கும். கோடைகால ஆணிகள் பனியில் நிற்காது. மரக்குச்சியில் கயிற்றைக் கட்டி, குச்சியைக் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்துவிட்டால் பத்து நிமிடத்தில் அசைக்க முடியாது. காய்ந்த குச்சி கிடைக்கும், உயிர்மரத்தில் கைவைக்க வேண்டாம்.

உங்கள் ஸ்லீப்பிங் பேக். அந்த மைனஸ் 18 எந்த எண் என்று உறையில் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 அளவுமுறையில் 'கம்ஃபர்ட்' என்று ஒன்று, 'லிமிட்' என்று ஒன்று இருக்கும். கடையில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் லிமிட், அது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் விழிக்காமல் ஓட்டக்கூடிய எல்லை. நிம்மதியாகத் தூங்குவதற்கான எண் அதைவிட ஐந்தாறு டிகிரியாவது மேலே இருக்கும். மைனஸ் 18 உங்களுக்கு லிமிட் என்றால், இரவு மைனஸ் 10-க்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அது தனியாகப் போதாது. இன்னொரு மெல்லிய பேக்கை மேலே போர்த்தலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை.

ஆனால் பேக்கைவிட அடியில் விரிப்பதுதான் முக்கியம். நீங்கள் படுத்தவுடன் அடியில் இருக்கும் இறகு நசுங்கிவிடுகிறது, அங்கே சூட்டைப் பிடிக்க ஒன்றுமில்லை, பனித்தரை விடிய விடியச் சூட்டை உறிஞ்சும். விரிப்பு சூட்டை எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல ஆர் வேல்யூ என்று ஒரு எண் உண்டு, இரண்டு விரிப்பை அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். பனிக்கு மொத்தம் 6-க்குக் குறையக் கூடாது. காற்றடைத்த மெத்தை ஒன்று, அதோடு மடக்கும் ஃபோம் விரிப்பு ஒன்று. ஃபோம் ஓட்டையாகாது, காற்று மெத்தை ஆகும், அதனால் ஃபோம் இல்லாமல் தனியாகப் போகவே போகாதீர்கள். சமைக்கும்போது அதையே மடித்து உட்காரலாம்.

படுப்பதற்கு முன்னால் ஒரு லிட்டர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றி, மூடியை இரண்டு தடவை சரிபார்த்து, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, காலுக்குப் போகும் ரத்தம் சூடாகிப் போகும். என் பாட்டில் காலையில்கூட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கூடவே பேக்குக்குள் போக வேண்டியவை: பூட்ஸின் உள்லைனர், ஈரமான கையுறை, ஃபோன், ஹெட்லேம்ப், பேட்டரிகள், தண்ணீர் வடிகட்டி இருந்தால் அதுவும், ஒரு தடவை உள்ளே உறைந்தால் அதன் நுண்குழல்கள் வெடித்துவிடும், பார்த்தால் தெரியாது. ஹெட்லேம்புக்கு லித்தியம் பேட்டரி போடுங்கள், சாதாரணது இந்தக் குளிரில் கண்ணெதிரே செத்துப்போகும். வெளியே வைக்கும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்து உறையும், காலையில் நிமிர்த்தினால் மூடிப்பக்கம் திறந்திருக்கும்.

மூக்கைப் பேக்குக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். அது உள்ளே ஈரமாகத் தங்கும். கூடாரத்தின் மேல்ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், அப்படியும் காலையில் உள்சுவரில் உறைந்த மூச்சு முகத்தில் உதிரும், அது பழகிவிடும். இரவில் சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள், தூக்கமும் வராது, குளிரும் போகாது. தொட்டாலே அடையாளம் தெரிகிற அகல வாய் பாட்டில் ஒன்று அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் அடுப்பும் ஒரே கணக்கு. இங்கே ஓடைகள் பெரும்பாலும் உறைந்து மூடியிருக்கும், தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். புதுத் தூள் பனி பத்து லிட்டர் போட்டால் ஒரு லிட்டர் தண்ணீர்தான். ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 334 கிலோஜூல் போகிறது, அந்தத் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து கொதிக்க வைக்க 419. அதாவது கொதிக்க வைப்பதற்கு வேண்டிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பனியை வெறும் தண்ணீராக்குவதற்கே செலவாகிறது. கோடை அளவில் எரிபொருள் எடுத்துப்போனவர்கள் மாட்டுவது இதனால்தான். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் அடி கருகி, தண்ணீரில் கருகல் வாடை வரும்.

கோடையில் நீங்கள் பயன்படுத்தும் கேஸ் கேன் அடுப்பை நம்ப வேண்டாம். அதில் இருக்கும் ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வாக்கில் ஆவியாவதை நிறுத்திவிடும், கூட இருக்கும் புரோபேன் மட்டும் முதலில் எரிந்து தீர்ந்துவிடும், பாதிக் கேன் மீதம் இருக்கும்போதே நெருப்பு அணைந்துவிடும். ஒயிட் கேஸ் என்கிற திரவ எரிபொருளில் பம்ப் அடித்து எரியும் அடுப்புதான் இங்கே சரி. எனக்கு ஒரு நாளுக்கு 200 மில்லி ஆகிறது, ஒரு நாள் அதிகமாகவே எடுத்துப்போவேன். அடுப்புக்கு அடியில் சின்ன மரப்பலகை வையுங்கள், இல்லாவிட்டால் அது பனியை உருக்கிக் கவிழும். எரிபொருளை ஊற்றும்போது வெறுங்கையில் பட்டுவிடக் கூடாது, மைனஸ் 20-லும் அது உறையாமல் திரவமாக இருக்கும், ஆவியாகும்போது தோலையும் சேர்த்து உறையவைக்கும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைப்பது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், தனியாக இருப்பவரை எழுப்ப ஆளில்லை.

சாப்பாட்டுக்கு இங்கே விற்கும் சாக்லேட் பார்கள் கல்லாகிவிடும், பல் போகும். நான் ரவையை நெய்யில் தாராளமாக வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து, உப்பும் போட்டுப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போவேன். கொதிநீரை ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்தால் சுடச்சுட உப்புமா, பாத்திரம் கழுவ வேண்டியதும் இல்லை. நெய் இரவில் எரிந்துகொண்டே உடம்பைச் சூடாக வைக்கும். கடலை மிட்டாயை வீட்டிலேயே சுண்டுவிரல் அளவுக்கு உடைத்து மார்புப் பையில் போட்டுவிடுங்கள், நடக்கும்போது நிற்காமல் வாயில் போட்டுக்கொண்டே இருக்கலாம். படுக்கும் முன் ஒரு கைப்பிடி, நடுராத்திரி குளிரில் விழித்தால் இன்னொரு கைப்பிடி. பசியோடு படுத்தவர் குளிரோடு விழிப்பார்.

வீட்டில் ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்தப் பாதை, கார் எங்கே, கூடாரத்தின் நிறம், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு 911-ஐ அழைக்க வேண்டும். என் மனைவியிடம் நான் கொடுக்கும் தாளில் அந்தக் கடைசி வரி தடித்த எழுத்தில் இருக்கும். மலைக்குள் சிக்னல் நம்பக்கூடியது இல்லை, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வேண்டும், உங்கள் பட்டியலில் விலை அதிகமானது அதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அது பைக்குள் இல்லாமல், விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதே நேரம், பொத்தானை அமுக்கினால் ஹெலிகாப்டர் வரும் என்று நினைக்காதீர்கள். இங்கே மீட்புக்கு வருபவர்கள் மாநில மீன், வனவிலங்குத் துறையின் அதிகாரிகளும் தன்னார்வலர்களும், நடந்துதான் வருவார்கள், பல மணி நேரம் ஆகும், அதுவரை உயிரோடு இருப்பது உங்கள் வேலை. நியூ ஹாம்ப்ஷயரில் அலட்சியத்தால் மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. 25 டாலருக்கு ஹைக் சேஃப் கார்டு வாங்கினால் அதிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு, வேண்டுமென்றே செய்த முட்டாள்தனத்துக்குக் கிடையாது. அந்தப் பணம் மீட்புக் குழுவுக்குப் போகிறது என்பதற்காகவே நான் வருடா வருடம் வாங்குகிறேன்.

கடைசியாக, ஏன் இரண்டு இரவு வேண்டாம் என்றேன். இரண்டாவது இரவு வெளியே அதே மைனஸ் 15 ஆக இருந்தாலும் பேக்குக்குள் முதல் இரவைவிடக் குளிரும். தூங்கும்போது உடம்பிலிருந்து வெளியேறும் ஈரம் பேக்கின் இறகுகளுக்குள் போய், வெளி ஓரத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும், நனைந்த இறகு உப்பாது. வெயிலில் காயவைக்கவும் முடியாது. கையுறைகளில் இரண்டு ஜோடி ஏற்கெனவே ஈரமாகியிருக்கும், முதல் இரவில் சரியாகத் தூங்காத களைப்பும் சேரும். அனுபவமுள்ளவர்கள் வியர்வை பேக்குக்குப் போகாமல் தடுக்க உள்ளே ஒரு நீர்புகா உறை போட்டுப் படுக்கிறார்கள், அது பழக நாளாகும். அதனால் மூன்று நாள் லீவில் முதல் நாள் அடிவாரத்தில் ஊர் அறையில் தங்கி முன்னறிவிப்பைப் பாருங்கள், நல்ல நாளாகப் பார்த்து ஒரு இரவு மேலே தங்குங்கள், இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்லீப்பிங் பேக்கைச் சமையலறைத் தராசில் எடை போட்டுவிட்டு, அறையில் இரண்டு நாள் விரித்துப் போட்டுத் திரும்ப எடை பாருங்கள். என்னுடையது ஒரே இரவில் 140 கிராம் தண்ணீர் குடித்திருந்தது. உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்த பிறகு இரண்டு இரவுக்குத் திட்டம் போடலாம்.